நன்கொடைப் பட்டியல்ல அவ பேரு

பொறாமைன்னா பொறாமைதான். அதுக்கு வேற பேரு வெச்சு மூடி மறைக்கற வயசெல்லாம் எனக்குத் தாண்டிருச்சு. அவ டிவில வந்து உக்காந்து வணக்கம் சொல்ற ஒவ்வொரு நாளும் எனக்கு வயிறு எரிஞ்சுது. அவ மெட்ராசுக்குப் போன நாள்ல இருந்தே எரிஞ்சுது. என்னை நல்லவளாக் காட்டிக்க இதை எழுதல. நடந்ததை நடந்த மாதிரி ஒரு தடவை சொல்லிட்டா கொஞ்சம் மூச்சு விடலாம்னு எழுதறேன்.

நாங்க ரெண்டு பேரும் திருச்செங்கோட்டுல ஒரே இன்ஜினியரிங் காலேஜு, ஒரே பெஞ்சு. படிச்ச படிப்புக்கு வேலை கெடைக்காம சேலத்துல ஒரு லோக்கல் கேபிள் சேனல்ல செய்தி வாசிக்கப் போனோம். ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல ரெண்டு ரூமு, அதுதான் ஸ்டுடியோ. ஒரு செய்தி அவ வாசிப்பா, அடுத்தது நான். தண்ணி வராத வார்டு, கும்பாபிஷேகம், முட்டை வெலை, ரோட்டுல கவுந்த லாரி. கீழ பல்லு ராவற சத்தம் கேட்டா நிறுத்திட்டு மறுபடியும் மொதல்ல இருந்து வாசிக்கணும். அவ நாலு தடவை திக்குவா. நான் ஒரே மூச்சுல முடிப்பேன். இதை இப்பச் சொல்றதுல ஒரு பிரயோசனமும் இல்ல, ஆனாலும் சொல்லிடறேன்.

மெட்ராஸ்ல ஒரு பெரிய நியூஸ் சேனல்ல ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு ரெண்டு பேரும் ஒரே ரயில்ல போனோம். என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு அங்க இருந்த ஒருத்தர், உங்க குரல் ரொம்ப நல்லா இருக்குங்க, நீங்க ரேடியோவுக்கு முயற்சி பண்ணலாமேன்னார். அவளை எடுத்துக்கிட்டாங்க. திரும்பி வர்றப்ப நான் வருத்தப்படுவேன்னு அவ சிரிப்பை அடக்கிக்கிட்டு சன்னலையே பார்த்துட்டு வந்தா. வாய் விட்டுச் சிரிச்சுத் தொலைச்சிருந்தாக்கூட இவ்வளவு எரிஞ்சிருக்காது.

நான் அதே மாடில தங்கிட்டேன். கல்யாணம் ஆகி நாமக்கல் வந்தேன், ஊட்டுக்காரர் கோழித் தீவன யாவாரம். தினமும் பஸ் ஏறி சேலம் போய் வர்றேன். செய்தி சேகரிக்கறது, எழுதறது, வாசிக்கறது, ரெண்டு மாவட்டத்துக்கும் மைக்கைத் தூக்கிட்டு அலையறது எல்லாம் நான்தான். அவ அங்க சாயங்காலம் ஏழு மணி விவாதத்தை நடத்தறா. நாலு கட்சிக்காரங்களை உக்கார வெச்சு, ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் வாயைத் தொறந்தா ஒத்தக் கையைத் தூக்கி நிறுத்திருவா. எங்க அத்தை, அதான் ஊட்டுக்காரரோட அம்மா, அந்த நேரத்துக்குச் சரியா அடுப்பை அணைச்சுட்டு வந்து டிவி முன்னாடி உக்காந்துக்குவாங்க. பாரு சாமி, என்னமாக் கேக்கறா, நீயும் இப்பிடிக் கேட்டா என்னம்பாங்க. நான் யாரைக் கேக்கறது? எங்க வார்டு கவுன்சிலரைக் கேக்கலாம்னா அவரு எங்க சேனல் ஓனரோட பங்காளி.

என் யோக்கியதையையும் சொல்லிடணும். ஒரு பிரஸ் மீட்ல நிருபர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு குக்கர் குடுத்தாங்க. மத்தவங்க வாங்கினாங்க, நானும் வாங்கினேன். அடுத்த நாள் அவங்க சொன்னதை அப்பிடியே வாசிச்சேன். அந்தக் குக்கர்லதான் எங்க ஊட்ல இன்னும் பருப்பு வேகுது. அதனால நடுநிலை, பத்திரிகை தர்மம்னு பெருசாப் பேச எனக்கு வாயில்லைன்னு தெரிஞ்சுதான் பேசறேன்.

போன வருசம் எங்க காலேஜ் ஆண்டு விழாவுக்கு அவளைச் சிறப்பு விருந்தினராக் கூப்பிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல இருந்து காலேஜ் வரைக்கும் அவ மூஞ்சி போட்ட ஃப்ளெக்ஸு. அந்த விழாவைக் கவர் பண்ண எங்க சேனல்ல யாரை அனுப்பினாங்கன்னு சொல்லவே வேண்டாம். மேடைல பேசிட்டிருந்தவ திடீர்னு, என் சிநேகிதி இங்க இருக்கா, என்னைவிட நல்லா செய்தி வாசிப்பான்னு சொல்லி என்னை எந்திரிக்கச் சொன்னா. அத்தனை பசங்களும் திரும்பிப் பார்த்துக் கை தட்டுனாங்க. நான் ஒரு கைல மைக்கு, ஒரு கைல வயரோட நின்னேன். மனசாரத்தான் சொன்னா, எனக்குத் தெரியும். மனசாரச் சொன்னதைத்தான் என்னால தாங்க முடியல.

அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சுத்தான் அந்தக் கேள்வி. ஒரு கட்சி நிர்வாகி பேர்ல ஒரு நெலப் பிரச்சனை. விவாதத்துல அவர், பத்திரத்துல என் பேரு இருக்கலாம், ஆனா வாங்கினதெல்லாம் என் மச்சான், எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னார். இவ சத்தமே போடல. "உங்க பேரு, உங்க கையெழுத்து. அப்ப அதுக்கு யாருங்க பொறுப்பு?"ன்னு கேட்டுட்டு அவரையே பார்த்துட்டு இருந்தா. அவர் தண்ணி குடிச்சார். அவ்வளவுதான், அந்த ஒரு நிமிசம் போன் போனாச் சுத்துச்சு. டீக்கடைல கேக்கறாங்க, பஸ்ல கேக்கறாங்க. எங்க அத்தை பால்காரர்கிட்ட, உங்க பாலு உங்க தண்ணி, அப்ப யாருங்க பொறுப்புன்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அப்பிடி ஒரு கேள்வி ஏன் எனக்குத் தோணலைன்னு நாலு நாளு மண்டைய ஒடைச்சுக்கிட்டேன்.

இதுக்கு நடுவுலதான் அந்தப் பட்டியலு. கட்சிங்க தங்களுக்குப் பெரிய தொகை குடுத்தவங்க யார் யாருன்னு வருசா வருசம் தேர்தல் ஆணையத்துக்கு எழுதிக் குடுக்கணும். அது இணையத்துல யாரு வேணா பார்க்கற மாதிரி கெடக்கும், ஆனா யாரும் பார்க்கறதில்ல. எங்க பக்கத்துப் பண்ணைக்காரங்க, லாரிக்காரங்க எந்தக் கட்சிக்குக் குடுத்திருக்காங்கன்னு ஒரு செய்தி பண்ணலாம்னு ஒரு மத்தியானம் உக்காந்து தேடினேன். ஒரு கட்சியோட பட்டியல்ல திருச்செங்கோடுன்னு போட்டுத் தேடறேன், அவ பேரு வந்து நிக்குது. இனிசியலோட. கீழ கதவு நம்பர், தெருப் பேரு. அந்த ஊட்ல நான் எத்தனை தடவை சோறு தின்னிருக்கேன். தொகை ஐம்பதாயிரம், காசோலை மூலமா.

எந்திரிச்சுப் போய் மூஞ்சி கழுவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். அதே பேரு. தினமும் நாலு கட்சிக்காரனை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறவ, அதுல ஒரு கட்சிக்குப் பணம் குடுத்திருக்கா. என் கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அவ்வளவு சந்தோசப்பட்டதில்ல.

ஆனா அந்தச் சந்தோசத்தோட சேர்ந்தே இன்னொண்ணும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதைத்தான் இங்க தெளிவாச் சொல்லணும். எங்க பக்கம் போர்வெல் போடற ரிக் லாரி வாங்கறவங்க சொந்தப் பேர்ல வாங்கறது கம்மி. பொண்டாட்டி பேரு, இல்லீன்னா புள்ள பேரு. லோனுக்கு ஒரு காரணம், வரிக்கு ஒரு காரணம், ராசிக்கு ஒரு காரணம். அவங்கப்பாவுக்கும் அந்தத் தொழில்தான், ரெண்டு லாரியையும் அவ பேர்லதான் எடுத்திருந்தார். பேங்க்குக் கணக்கும் அவ பேருதான். லாரி வடக்க எங்கியோ போர் போட்டுட்டுக் கெடக்கும், அவ மெட்ராஸ்ல பேசிட்டு இருப்பா, செக் புக்கு திருச்செங்கோட்டுல அவங்கப்பா பீரோவுல இருக்கும். பொங்கலுக்கு வர்றப்ப வெறும் செக்குல ஒண்ணு விடாமக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போவா. ஒரு பொங்கலுக்கு நான் அங்க இருந்தேன். ஒரு கைல கரும்பைக் கடிச்சுக்கிட்டே இன்னொரு கைல போட்டுட்டு இருந்தா. கை வலிக்குதுடி, நீ கொஞ்சம் போடேன்னு என்னைக் கிண்டல் பண்ணினா. அந்தக் கணக்குல எவ்வளவு இருக்குன்னுகூட அவளுக்குத் தெரியாது.

ஆக, குடுத்தது அவ இல்ல, அவங்கப்பாதான். அதை உறுதி பண்ணிக்க ஒரு போனு போதும். அவ நம்பர் என்கிட்ட இருக்கு. சம்பந்தப்பட்டவங்களைக் கேக்காம ஒண்ணும் வெளிய விடக் கூடாதுங்கறது எங்க தொழில்ல மொத நாளே சொல்லிக் குடுக்கறது. நான் போனைக் கைல எடுத்தேன். அவளைக் கூப்பிடல. அந்தப் பக்கத்தைப் படம் புடிச்சு, மாவட்ட நிருபர்கள் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டு, இது நம்ம ஊர்ப் புள்ளைதானா, யாருக்காச்சும் தெரியுமான்னு ஒரு வரி எழுதினேன். ஒண்ணுந் தெரியாதவ மாதிரி.

ரெண்டு மணி நேரத்துல அது என் கையை விட்டுப் போயிருச்சு. எதிர்க்கட்சிக்காரங்க அதை எடுத்துக்கிட்டு, நடுநிலைக்கு ரசீது வந்துருச்சுன்னு எழுதினாங்க. அவ கையைத் தூக்கி நிறுத்தற படத்துக்குக் கீழ, பணம் குடுத்தவங்க மட்டும் பேசலாம்னு போட்டாங்க. மறு நாள் ஏழு மணிக்கு அவ எடத்துல ஒரு ஆம்பளை உக்காந்திருந்தார். விசாரணை முடியற வரைக்கும் அவங்க நிகழ்ச்சி நடத்த மாட்டாங்கன்னு சேனல்ல அறிவிச்சாங்க. கட்சிங்களுக்குப் பணம் குடுக்கறதில்லைன்னு அங்க வேலைக்குச் சேர்றப்பவே எழுதி வாங்கிக்குவாங்களாம். எங்க அத்தை டிவியை அணைச்சுட்டு, எந்தக் கொள்ளிக்கண்ணு பட்டுச்சோன்னாங்க. நான் அவங்க மூஞ்சியைப் பார்க்காம துணி மடிக்கப் போயிட்டேன்.

மூணாம் நாளு அவங்கப்பா ஃபேர்லேண்ட்ஸுக்கே வந்துட்டார். வெள்ளை வேட்டி சட்டைல பல் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுட்டு இருந்தார். மாடிக்கு வாங்கன்னா வரமாட்டேங்கறார். பக்கத்துல ஒரு பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடுத்தேன். டீயைத் தொடவே இல்ல. மாநாட்டுக்கு நிதி கேட்டு அந்தக் கட்சிக்காரங்க வந்தாங்களாம். எப்பவும் ரொக்கமா வாங்கறவங்க, இந்தத் தடவை செக்கா இருந்தா நல்லா இருக்குமுங்கன்னாங்களாம். பீரோவுல இருந்த செக்குல ஒண்ணைக் கிழிச்சு எழுதிக் குடுத்துட்டாராம். அவ பேரு வெளிய வரும்னு அவருக்குத் தோணவே இல்ல.

"நான் லாரிக் காசுலதானே குடுத்தேன் அம்மணி. அவ காசுல ஒரு பைசா தொடலியே"ன்னார்.

நான் அவருக்கு என்னன்னு வெளக்கறது. இருவது வருசமா அந்த மனுசனுக்கு அது லாரியோட செக்கு. அதுல இருக்கற பேரு, லாரி நெத்தில எழுதியிருக்கற சாமி பேரு மாதிரி. மகளோட வேலையும் அந்தப் பேர்லதான் நடக்குதுன்னு அவரு சேர்த்து நெனச்சதே இல்ல. மெட்ராசுக்குப் போய் அந்த ஆபீசுல விசயத்தைச் சொல்லிட்டு வாரேன்னாராம். அவ, நீங்க ஒரு வார்த்தை பேசினாலும் நான் உங்ககூடப் பேச மாட்டேன்னு சொல்லிட்டாளாம். நான் சொன்னாத்தானே கோவிச்சுக்குவா, நீயும் அதே தொழில்ல இருக்கறவ, நீ சொன்னாக் கேப்பாங்க, எம் புள்ள வேலையை எப்பிடியாச்சும் காப்பாத்திக் குடு சாமின்னார். எழுவது வயசு மனுசன் என்னைச் சாமிங்கறார். பார்க்கறேனுங்கப்பான்னு சொல்லி பஸ் ஏத்தி விட்டேன். ஊட்டுக்குப் போற வழியெல்லாம், இவளுக்காக இப்பிடி வந்து நிக்கறதுக்கு ஒரு அப்பன் இருக்கான் பாருன்னுதான் நெனப்பு ஓடுச்சு. என்னைய ரேடியோவுக்குப் போகச் சொன்னப்ப எங்கப்பா, சரி விடு, கல்யாணத்தைப் பண்ணிரலாம்னார்.

நான் போய்ச் சொல்ல வேண்டிய அவசியமே வரல. அவ சேனல்காரங்களே கூப்பிட்டாங்க. அன்னைக்கு பரமத்தி வேலூர்ல வெத்தலை வெலை எறங்கிப் போச்சுன்னு ஒரு செய்தி எடுக்கப் போயிருந்தேன். வெத்தலைக் கொடிக்கால்காரர் ஒருத்தர் பேசி முடிச்சு, கேமரா பண்றவர் வயரைச் சுருட்டிட்டு இருக்கறப்ப போனு. அவ சேனலோட நியூஸ் எடிட்டர். பொறுமையான குரலு. நீங்க அவங்க கூடப் படிச்சவங்க, குடும்பத்தைத் தெரிஞ்சவங்கன்னு சொன்னாங்கன்னு ஆரம்பிச்சார். அவங்க கேட்டதுக்கு அவ ஒரே பதில்தான் சொல்றாளாம், என் பேர்ல போயிருக்கு, நான்தான் பொறுப்புன்னு. எங்களுக்கு அது நம்பற மாதிரி இல்லம்மா, பதினஞ்சு வருசமாப் பார்க்கறோம்னார்.

"வீட்ல வேற யாராவது குடுத்திருந்தா, அது அவங்களுக்குத் தெரியாம இருந்திருந்தா, இந்த வேலை அவங்களுக்கு நிக்கும். உங்களுக்குத் தெரியும்னா சொல்லுங்க. உங்க பேரு வெளிய வராது."

இதுக்கு மேல ஒருத்தர் எப்பிடிக் கேக்கறது. அவங்கப்பா சொன்னது அப்பிடியே என் காதுல இருக்கு. பொங்கலன்னைக்கு என் கண்ணால பார்த்திருக்கேன். ஆமாங்க சார், அவங்கப்பா குடுத்ததுதான்னு ஒரு வரி. கொடிக்கால் வரப்புல நின்னுட்டு வாயைத் தொறந்தேன். தொறந்தப்ப என் கண்ணு முன்னாடி வந்தது அவங்கப்பா மூஞ்சி இல்ல. அவ அந்த நாற்காலில மறுபடியும் உக்காந்து, வணக்கம் சொல்லி, நடந்ததைப் பத்தி நாலு வார்த்தை அடக்கமாச் சொல்லி, ஊரே கண்ணைத் தொடைச்சுக்கறதுதான் வந்துச்சு. முன்னைவிடப் பெருசா வந்துருவா. எங்க அத்தை சக்கரைப் பொங்கல் வெப்பாங்க.

"எனக்குத் தெரியாதுங்க சார்"ன்னேன்.

சரிம்மா, நன்றின்னு வெச்சுட்டார். கேமரா பண்றவர் யாருங்கக்கான்னு கேட்டார். விளம்பரக் கம்பெனின்னு சொன்னேன். அன்னைக்கு வெத்தலை வெலைச் செய்தியை நான் ஒரு தடவைகூடத் திக்காம வாசிச்சேன்.

அடுத்த வாரம் அவளே ஏழு மணிக்கு வந்தா. நிகழ்ச்சி நடத்த இல்ல, சொல்லிட்டுப் போக. சாதாரணக் காட்டன் சேலை, பொட்டு மட்டும். என் பேர்ல, என் கையெழுத்தோட ஒரு கட்சிக்குப் பணம் போயிருக்குன்னா. எப்பிடிப் போச்சுன்னு வெளக்கம் சொல்ல என்னால முடியும், ஆனா சொல்லப் போறதில்லைன்னா. இதே எடத்துல உக்காந்து ஒருத்தரை உங்க பேரு, உங்க கையெழுத்து, யாருங்க பொறுப்புன்னு கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் ஏத்துக்கல. அதே பதிலை இப்ப நான் சொல்லி நீங்க ஏத்துக்கணும்னு கேக்க எனக்கு வாய் வரலைன்னா. அதனால இந்த வேலையை விட்டுப் போறேன்னு சொல்லிட்டு எந்திரிச்சா. மொத்தம் ரெண்டு நிமிசம் இருக்காது.

எங்க அத்தை அழுதாங்க. நான் அழல. எனக்குத் தலைல இருந்து கால் வரைக்கும் காந்துச்சு. கீழ தள்ளி விட்டாக்கூட இவ அழகா விழறாளே. நான் ஒரு பொய்யைச் சொல்லிட்டு மூலைல உக்காந்திருக்கேன், அவ வேலையை விட்டுட்டு ஊர் மெச்ச நிக்கறா. பரமத்தி வேலூர்ல அந்த ஒரு வரியை நான் சொல்லியிருந்தா, அந்த ஆபீசே அவளை விட்டிருக்காது, இப்பிடிப் பேசறதுக்கே அவளுக்கு எடமிருந்திருக்காது. நானே அவளுக்கு மேடை போட்டுக் குடுத்திருக்கேன்.

பத்து நாள் கழிச்சு ஒரு ஞாயித்துக்கெழமை காலைல எங்க ஊட்டு வாசல்ல வந்து நிக்கறா. திருச்செங்கோட்டுல இருந்து பஸ்லயே வந்திருக்கா. எங்க அத்தைக்குக் கை காலு ஓடல. டிவில பார்த்த புள்ள நேர்ல வந்து உக்காந்திருக்குன்னு மூஞ்சியையே பார்த்துட்டு நின்னாங்க, அப்பறம் காப்பி போட உள்ள ஓடினாங்க. இவ என் கையைப் புடிச்சுக்கிட்டா. எடிட்டர் எல்லாம் சொன்னார்டின்னா. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டாராம், நீ தெரியாதுன்னுட்டியாம். அப்பா வந்து உன்கிட்டக் கெஞ்சினதும் எனக்குத் தெரியும், அவரே சொல்லிட்டார். எல்லாந் தெரிஞ்சும் நீ வாயைத் தொறக்கல. தொறந்திருந்தா அப்பாவை இழுத்துட்டுப் போய் லாரி யாரோடது, கணக்கு யாரோடதுன்னு தோண்டித் துருவியிருப்பாங்க, இந்த வயசுல அவர் தாங்கியிருக்க மாட்டார். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயே உனக்கு எப்பிடிடி அது புரிஞ்சுதுன்னா.

நான் கையை உருவிக்கல. அவ பேசிட்டே போனா. அந்த ஏழு மணிக்கு அவங்க ஆள் தேடறாங்களாம். எடிட்டர் என்னைக் கேட்டார், உன் பேரைச் சொல்லியிருக்கேன், நாளைக்கு உனக்குப் போன் வரும்னா.

பதினஞ்சு வருசமா நான் வயிறெரிஞ்சது எதுக்கோ அதை என் மடில கொண்டு வந்து வெக்கறா. பேசாம இருந்திருந்தா எனக்குத்தான். நான் உண்மையைச் சொன்னதுக்குக் காரணம் மனசாட்சின்னு யாரும் நெனக்க வேண்டாம். அவ குடுத்து நான் வாங்கி, அதுலயும் அவளே நல்லவளாப் போறதை என்னால பொறுத்துக்க முடியல. அவ கும்புடற மாதிரி ஒரு ஆளா என்னை ஆக்கி வெச்சுட்டு அவ திருச்செங்கோட்டுல நிம்மதியா இருக்கப் போறா. அதை ஒடைக்கணும்னு தோணுச்சு.

"உனக்காக மறைக்கல. நீ திரும்ப வந்துரக் கூடாதுன்னுதான் எடிட்டர்கிட்டத் தெரியாதுன்னேன். அந்தப் படத்தை மொதல்ல போட்டதும் நான்தான்"ன்னேன்.

அவ கையை எடுத்துக்கிட்டா. வெடுக்குன்னு எடுக்கல, மெதுவா எடுத்து மடில வெச்சுக்கிட்டா. உள்ள எங்க அத்தை டம்ளரைத் தேடற சத்தம் கேட்டுச்சு. அவ கத்துவா, அழுவா, கேள்வி கேப்பான்னு நெனச்சேன். ஊரையே கேள்வி கேட்டவ என்னை ஒரு கேள்வியும் கேக்கல.

அப்பறம் பேசினா. பட்டியலைப் போட்டதுல தப்பில்லைன்னா, அது செய்திதான், உன் எடத்துல நானா இருந்தா சம்பந்தப்பட்டவங்களுக்கு ஒரு போன் பண்ணிட்டுப் போட்டிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா ஒரு எடிட்டர் உன்னை நிருபர்னு நம்பிக் கேட்டார், தெரிஞ்சதைத் தெரியாதுன்னுட்டே. உன் பேரைச் சொன்னப்பவே எனக்கு அது உறுத்துச்சு, எனக்காகத்தானேன்னு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். அது என் தப்புன்னா. சொல்லிட்டு என் முன்னாடியே போனை எடுத்து அவரைக் கூப்பிட்டா.

"சார், ஒரு பேரு சொல்லியிருந்தேன்ல, அதை விட்டுருங்க. இல்லீங்க சார், காரணம் சொல்றதுக்கில்ல."

அவர் திருப்பித் திருப்பிக் கேட்டது எனக்கே கேட்டுச்சு. அவ சொல்லல. வேலையைப் புடுங்கறப்பக்கூட என்னைக் காட்டிக் குடுக்கல. எனக்கு அந்த நேரத்துல வேலை போச்சேன்னு வெசனம் இல்ல. இப்பிடி இருக்க இவளால முடியுதே, என்னால ஏன் முடியலைங்கற எரிச்சல்தான், நெஞ்சு முட்ட.

எங்க அத்தை காப்பி கொண்டு வந்தாங்க. அவ வாங்கி ஒரு மடக்கு விடாமக் குடிச்சா. காப்பி ரொம்ப நல்லா இருக்குங்கம்மான்னா. அத்தை பூரிச்சுப் போய், சோறு தின்னுட்டுத்தான் போகணும் சாமின்னாங்க. அவ எந்திரிச்சு, ரெண்டு கையாலயும் அத்தை கையைப் புடிச்சு, இன்னொரு நாளைக்கு வாரேனுங்கம்மான்னா. அப்பறம் செருப்பை மாட்டினா. எங்க பக்கம் எழவு ஊட்ல இருந்து கெளம்பறப்ப மட்டும்தான் யாரும் வாரேன்னு சொல்லிட்டுப் போக மாட்டாங்க. என்னைத் தாண்டித்தான் போனா. என்கிட்ட ஒண்ணும் சொல்லல.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவ திரும்பற வரைக்கும் அத்தை வாசல்லயே நின்னுட்டு, பார்த்தியா, வாரேன்னு சொல்லியிருக்கான்னு சந்தோசமாச் சொல்லிக்கிட்டாங்க. எனக்கு எங்க அத்தை மேல பொறாமையா இருந்துச்சு.